கண்மட்டம் எங்கே? தேவாலய உட்புறச் சித்திரங்களைப் பார்ப்பது எப்படி

தேவாலயத்தின் உட்புறத்தை வரைந்த படம் ஒன்றைப் பார்க்கும்போது கண் தானாக மேலே ஏறிவிடும். கூரை வளைவுகள், உயரச் சாளரங்கள், அவற்றுக்கிடையே பின்னிக் கிடக்கும் கோடுகள் என்று கவர்ச்சியெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து, முதலில் படத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு கோட்டைத் தேடுங்கள். யாரும் அதை மையால் வரைந்திருக்க மாட்டார்கள். வரைந்தவரின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, அந்த உயரத்தில் படத்தின் குறுக்கே ஓடும் கண்மட்டக் கோடு அது. தூண் எவ்வளவு ஓங்கித் தெரியும், வளைவு எவ்வளவு விரியும், எந்தக் கோடு தடிக்க வேண்டும், எந்தச் சுவர் வெளிச்சத்தை வாங்கியதாகத் தெரியும் என்பதெல்லாம் அவர் எங்கே நின்றார், அல்லது உட்கார்ந்தார், என்பதைப் பொறுத்தது. படத்தின் மற்ற அழகுகளை அதற்குப் பிறகு பார்த்தால் இரட்டிப்பாகத் தெரியும்.

கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேலும் டிரேசிங் தாளும் போதும். படத்தின் நகல்மேல் தாளை வைத்து, பலிபீடத்தை நோக்கி ஓடும் கோடுகளில் நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். இருக்கைகளின் மேல்விளிம்பு, தூண்களின் அடிபீட விளிம்பு, தூண் தலைகளை இணைக்கும் கோடு, மேல்சாளரங்களின் அடிக்கட்டை ஆகியவை வசதியானவை. அவற்றை நீட்டினால் ஓரிடத்தில் கூடும். அது மறைபுள்ளி. அதன் வழியாகக் கிடையாக ஒரு கோடு போட்டால் அதுதான் கண்மட்டம். அதற்கு மேலே இருப்பவை தூரம் போகப் போக இறங்கிவரும். கீழே இருப்பவை ஏறிப்போகும். அந்த உயரத்திலேயே இருக்கும் விளிம்பு மட்டும் ஏறாமல் இறங்காமல் கிடையாக ஓடும்.

கோடுகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிக்குள் கூடினால் சரிதான். பழைய காகிதம் சுருங்கியிருக்கும், சுவரும் நேராக இருந்திருக்காது. ஆனால் அவை தெளிவாக இரண்டு கூட்டமாகப் பிரிந்து இரண்டு இடங்களில் கூடினால் காரணம் தேட வேண்டும். சில தேவாலயங்களில் பலிபீடப் பகுதியின் அச்சு நடுக்கூடத்தின் அச்சிலிருந்து சற்றே விலகியிருக்கும். அப்படி இல்லையென்றால், வரைந்தவர் பாதியில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார், அல்லது இரண்டு குறிப்புப் படங்களை ஒட்டவைத்து ஒன்றாக்கியிருக்கிறார்.

அடுத்து மனிதர்களின் தலைகள். தரை சமதளமாக இருந்து, அவர் நின்றுகொண்டு வரைந்திருந்தால், அவருடைய உயரமுள்ள எல்லோருடைய கண்களும் கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும். பக்கத்தில் நிற்பவர் ஆனாலும், நூறு அடி தள்ளி நிற்பவர் ஆனாலும் அப்படித்தான். பாதங்கள் மட்டும்தான் இடம் மாறும். கோடு நிற்பவர்களின் மார்பை வெட்டிக்கொண்டு போனால், அவர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலைகளுக்கு வெகு மேலே போனால் மாடத்தில் ஏறியிருக்கிறார். ஓர் எச்சரிக்கை: தேவாலயத்தைப் பெரிதாகக் காட்ட ஆட்களைச் சிறுக்கவைப்பது பழைய தந்திரம். ரோமாபுரியைச் செப்புத் தகட்டில் செதுக்கிய பிரனேசி அதில் கைதேர்ந்தவர். ஆகவே ஆட்களை நம்புவதற்கு முன் கதவின் உயரம், படிக்கட்டின் படி, இருக்கையின் முதுகு ஆகியவற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கண்மட்டம் தெரிந்தால் கட்டிடத்தை அளக்கவும் முடியும். ஒரு தூணின் அடியிலிருந்து கண்மட்டம் வரை படத்தில் 2 செ.மீ., அதே அடியிலிருந்து தூண் தலை வரை 14 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூண், கண்ணின் உயரத்தைப்போல் ஏழு மடங்கு. நிற்பவரின் கண் 1.6 மீட்டரில் இருந்தால் தூண் 11.2 மீட்டர். உட்கார்ந்து வரைந்திருந்து கண் 1.2 மீட்டரில் இருந்தால் 8.4 மீட்டர். தூணின் உண்மையான உயரம் தெரிந்திருந்தால் கணக்கைத் திருப்பிப் போட்டு, அவர் நின்றாரா உட்கார்ந்தாரா என்று சொல்லிவிடலாம். தூண் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. தரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பலிபீட மேடைமேல் நிற்கும் தூணுக்குக் கண்ணின் உயரத்திலிருந்து படிகளின் உயரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒளிக்காமல் தாளிலேயே விட்டுவைத்தவர் பீட்டர் சான்ரெடாம். ஹாலந்தின் அசன்டெல்ஃப்டில் 1597இல் பிறந்து, ஹார்லெம் நகரில் வாழ்ந்து, 1665இல் இறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தேவாலயங்களை வரைவதிலேயே கழித்தார். அவருடைய வேலைமுறை மூன்று கட்டம் கொண்டது. முதலில் தேவாலயத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேனாவாலோ சாக்காலோ கையால் வரைந்த படம். பெரும்பாலும் நாளும் மாதமும்கூட எழுதியிருப்பார். பிறகு பட்டறையில், அந்தப் படத்தையும் அளவுகளையும் வைத்து, ஸ்கேல் பிடித்துப் போட்ட கட்டுமானப் படம். ஓவியம் எந்த அளவோ அதே அளவு. கண்புள்ளியை, அதாவது மறைபுள்ளியை, இதில் குறித்திருப்பார். மூன்றாவதாக, அந்தத் தாளின் முதுகில் கரியைத் தேய்த்து, பலகைமேல் வைத்து, கூர்முனையால் கோடுகளை அழுத்தி இறக்கி, அதன்மேல் வண்ணம். முதல் படத்துக்கும் ஓவியத்துக்கும் இடையே பல ஆண்டுகள் கடந்ததும் உண்டு.

என் ரசனை முதல் கட்டத்துப் பக்கம்தான். கட்டுமானப் படத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அங்கேயே உட்கார்ந்து வரைந்ததில் கண் அலைந்த தடம் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என்ன மாறியது என்பது தெளிவாகத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைந்ததால் முதல் படத்தில் ஓரங்கள் சற்றே உள்வாங்கியிருக்கும். ஸ்கேல் பிடித்த படத்தில் அவை விறைப்பாக நிமிரும். ஓவியத்துக்கு வரும்போது சில இடங்களில் தூண்கள் மெலிந்து உயர்ந்துவிடும். துல்லியத்துக்குப் பேர்போனவர் என்றாலும், உயரம் வேண்டுமென்றால் அவரும் கொஞ்சம் நீட்டத்தான் செய்தார்.

1636இல் அவர் உட்ரெக்ட் நகருக்குப் போய் அங்கிருந்த தேவாலயங்களை ஒவ்வொன்றாக வரைந்தார். அவற்றில் மரியாள் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. பேராலயத்தின் நடுக்கூடம் 1674ஆம் ஆண்டுப் புயலில் சரிந்தது. அந்த இரண்டு இடங்களுக்குள் இன்று நுழைய அந்தத் தாள்களே வழி.

ஆழத்துக்கு வருவோம். இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட இடத்தை அங்கணம் என்று வைத்துக்கொண்டால், சம அங்கணங்கள் படத்தில் எப்படிச் சுருங்குகின்றன என்பதில்தான் கற்றவரும் கல்லாதவரும் பிரிகிறார்கள். வரைபவர் முதல் தூணிலிருந்து இரண்டு அங்கண நீளம் தள்ளி நிற்கிறார் என்று கொள்வோம். தூண்களின் தொலைவு 2, 3, 4, 5, 6. தூண் அடி கண்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தள்ளி விழும் என்பது தொலைவுக்குத் தலைகீழ் விகிதம். முதல் தூணுக்கு 60 மி.மீ. என்றால் அடுத்தவை 40, 30, 24, 20. இடைவெளிகள் 20, 10, 6, 4. முதல் அங்கணத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே சட்டென்று பாதியாகக் குறைகிறது. பிறகு குறைவது மெதுவாகிறது. தொடக்கத்தில் இருக்கும் இந்தப் பெரிய தாவல்தான் நடுக்கூடத்தில் நிற்கும் உணர்வைத் தருகிறது.

இது தெரியாதவர்கள் ஒவ்வோர் இடைவெளியையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காகப் போட்டுக்கொண்டு போவார்கள்: 20, 13, 9, 6. இத்தாலியக் கட்டிடக் கலைஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1435இலேயே இந்தப் பழக்கத்தைக் குறிப்பிட்டுத் தவறு என்று எழுதிவிட்டார். அப்படி வரைந்த படத்தில் இரண்டாம், மூன்றாம் அங்கணங்கள் முதலாவதைவிட நீளமானவையாகத் தெரியும். கூடம் நடுவில் இழுபட்டதுபோல் இருக்கும். காரணம் புரியாமல் ஏதோ உறுத்தும் படங்களில் பாதிக்கு இதுவே நோய்.

கணக்கு இல்லாமலே சரிபார்க்க வழி உண்டு. முதல் தூணின் தலையிலிருந்து, இரண்டாம் தூணின் நடுவுயரத்தின் வழியாக ஒரு நேர்கோடு இழுங்கள். அது தூண் அடிகளை இணைக்கும் கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூணின் அடி இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால், ஒன்று அங்கணங்கள் உண்மையிலேயே சமமாக இல்லை, அல்லது வரைந்தவர் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார். நடுவுயரம் என்பது அந்தத் தூணின் அடிக்கும் தலைக்கும் சரிபாதி. நிமிர்ந்த தூணில் அதைத் தாளில் நேரடியாகவே அளந்துகொள்ளலாம்.

தரையில் சதுரக் கற்கள் பதித்திருந்தால் அதைவிட நல்ல பரிசு கிடையாது. சதுரங்களின் மூலைவிட்டங்களை நீட்டினால் அவை கண்மட்டக் கோட்டில் மறைபுள்ளிக்கு இருபுறமும் இரண்டு இடங்களில் சேரும். அவைதாம் தொலைவுப் புள்ளிகள். மறைபுள்ளியிலிருந்து தொலைவுப் புள்ளிக்கு உள்ள நீளம்தான் படத்தைப் பார்க்க வேண்டிய தொலைவு. 30 செ.மீ. அகலப் படத்தில், நடுவில் மறைபுள்ளியும் அதிலிருந்து 25 செ.மீ. தள்ளித் தொலைவுப் புள்ளியும் இருந்தால், படம் ஏறக்குறைய 62 பாகை அகலத்தை உள்ளடக்குகிறது. கண்ணுக்கு இதமான எல்லை அது. தொலைவுப் புள்ளி 12 செ.மீ.யிலேயே, அதாவது படத்துக்கு உள்ளேயே விழுந்தால், அகலம் 103 பாகை. அங்கேதான் ஓரத்துத் தூண்கள் பருத்துப்போகும், ஓரத்துச் சதுரங்கள் இழுபடும்.

ஓரத்துத் தூண் பருப்பது பிழையும் இல்லை. தட்டையான தாளில் சரியாக வரைந்தால், படத்துக்கு இணையான வரிசையில் நிற்கும் உருண்டைத் தூண்களில் நடுத்தூணைவிட ஓரத்தூண் அகலமாகத்தான் வரும். இத்தாலிய ஓவியர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா 15ஆம் நூற்றாண்டிலேயே இதை எடுத்துப் பேசியிருக்கிறார். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணை மறைபுள்ளிக்கு நேராக, தொலைவுப் புள்ளி சொல்லும் தொலைவில் வைத்துப் பாருங்கள், பருமன் சரியாகிவிடும். 40 செ.மீ. அகல மூலத்துக்குப் பார்வைத் தொலைவு 30 செ.மீ. என்றால், 7 செ.மீ. அகலக் கைபேசித் திரையில் அது 5 செ.மீ. சொச்சம். அவ்வளவு அருகில் எந்தக் கண்ணும் குவியாது. சிறிய திரையில் பார்த்துவிட்டு ஓரங்கள் கோணலாக இருக்கின்றன என்று குறை சொல்வது நியாயமே இல்லை.

1650 வாக்கில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் ஓவியர் ஹெரார்ட் ஹவுக்கெஸ்ட் வேறு வழியில் போனார். நடு அச்சை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று கூடத்தைக் குறுக்கே பார்த்தார். மௌனி வில்லியம் என்று அழைக்கப்பட்ட இளவரசரின் கல்லறையைப் புதிய தேவாலயத்தில் அவர் அப்படித்தான் வரைந்தார்: முன்னால் பெரிய தூண்கள், அவற்றின் இடுக்கில் கல்லறை. இங்கே மறைபுள்ளி இரண்டு. இரண்டும் கண்மட்டத்திலேயே இருக்கும். பெரும்பாலும் தாளுக்கு வெளியே. செங்கோணச் சுவர்களானால் ஒரு விதி உண்டு: பார்வை மையத்திலிருந்து (கண்ணுக்கு நேர் எதிரே கண்மட்டத்தில் உள்ள புள்ளி) இரண்டு மறைபுள்ளிகளின் தூரத்தையும் பெருக்கினால் பார்வைத் தொலைவின் வர்க்கம் வரும். பார்வைத் தொலைவு 30 செ.மீ., ஒரு புள்ளி வலப்பக்கம் 20 செ.மீ.யில் என்றால், மற்றது இடப்பக்கம் 45 செ.மீ.யில் இருந்தாக வேண்டும். தாள் 40 செ.மீ. அகலமாகவும், பார்வை மையம் அதன் நடுவிலும் இருந்தால் அது தாளுக்கு வெளியே 25 செ.மீ. தள்ளி மேசைமேல் விழுகிறது. மேசையில் ஊசி குத்தி நூல் கட்டி இழுக்கச் சோம்பல்பட்டு இரண்டையும் தாளுக்குள் அடக்கினால், அடிபீடங்களின் மூலைகள் கத்திமுனைபோல் கூராகிவிடும். இந்தக் கோளாறைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

வளைகோடுகளில்தான் பெரும்பாலான படங்கள் கவிழ்கின்றன. தூணைச் சுற்றிய வளையங்களைப் பாருங்கள். கண்மட்டத்துக்குக் கீழே உள்ளவற்றில் முன்பக்க வளைவு கீழ்நோக்கித் தொங்கும், மேலே உள்ளவற்றில் மேல்நோக்கி வளையும், கண்மட்டத்தில் நேர்கோடாகிவிடும். எவ்வளவு தள்ளியோ அவ்வளவு விரியும். 11.2 மீட்டர்த் தூணில் கண் 1.6 மீட்டரில் இருந்தால், தலை கண்ணுக்கு மேலே 9.6 மீட்டர், அடி கண்ணுக்குக் கீழே 1.6 மீட்டர். ஆகவே ஒரே குறுக்களவுள்ள வளையம் தலையில், அடியில் உள்ளதைப்போல் ஆறு மடங்கு விரிந்து தெரிய வேண்டும். பழகாத கை இரண்டுக்கும் ஒரே நீள்வட்டத்தைப் போட்டுவிடும். விளைவாகத் தூண் குட்டையாகும். எவ்வளவு நீட்டி வரைந்தாலும் உயரம் வராது.

கூடத்தின் நீளவாட்டில் ஓடும் வளைவுகளுக்கு உச்சி எங்கே என்பது அடுத்த கேள்வி. தாளில் இரண்டு தூண்களுக்கும் சரிநடுவில் வைத்தால் தவறு. அங்கணச் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டும். தூர அங்கணங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அருகில், தொலைவு 1 மற்றும் 2இல் உள்ள தூண்கள் மறைபுள்ளியிலிருந்து 120, 60 மி.மீ.யில் விழுந்தால், தாளின் நடு 90. உண்மையான நடு 80. ஒரு சென்டிமீட்டர் பிசகு. உச்சியை 90இல் வைத்த வளைவு பார்ப்பவரை நோக்கிச் சாய்ந்து விழுவதுபோல் இருக்கும். கூர்முனை வளைவில் இது அப்பட்டமாகத் தெரியும். அரைவட்டத்தில் கொஞ்சம் மறையும்.

கூடத்தின் குறுக்கே செல்லும் வளைவுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒற்றை மறைபுள்ளிப் படத்தில் அவை தாளுக்கு இணையானவை. வட்டம் வட்டமாகவே இருக்கும், தூரத்துக்கேற்பச் சிறுக்கும், அவ்வளவுதான். காம்பஸ் வைத்தே போடலாம். பழைய கட்டுமானப் படங்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் காம்பஸ் ஊசி குத்திய துளைகள் தெரிவது இதனால்தான்.

விலாக்கள், அதாவது கூரையைத் தாங்கும் கல் வளைவுப் பட்டைகள், குறுக்காகப் பின்னிய கூரைக்குச் செய்முறை இது. வளைவுகள் புறப்படும் உயரத்தில் அங்கணத்தின் நான்கு மூலைகளையும் குறிக்க வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டையும் போட்டு, வெட்டும் புள்ளியிலிருந்து நேர் மேலே கூரை உச்சியின் உயரத்துக்கு ஏற வேண்டும். அந்த உயரத்தை முன்பக்கக் குறுக்கு வளைவின் நடுவிலிருந்து மறைபுள்ளிக்குக் கோடு இழுத்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு நான்கு மூலைகளிலிருந்தும் உச்சிக்கு வளைகோடுகள். முன்மூலைகளிலிருந்து வருபவை நீண்டு சாய்ந்தும், பின்மூலைகளிலிருந்து வருபவை குறுகி நிமிர்ந்தும் இருக்கும். எல்லா விலாக்களும் மறைபுள்ளியை நோக்கி ஓடுவதாக வரைந்திருந்தால், வரைந்தவர் கூரையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை என்று துணிந்து சொல்லலாம். கூடத்தின் நீளவாட்டில் ஓடும் முகட்டுக்கோடு ஒன்றே அங்கே போகும்.

இனி வெளிச்சம். வெயில் நாளில் தேவாலயச் சாளரத்துக்கும் பக்கக்கூடத்தின் இருண்ட மூலைக்கும் இடையே ஒளி வித்தியாசம் ஆயிரம் மடங்கைத் தாண்டும். வெள்ளைத் தாளுக்கும் கறுப்பு மைக்கும் இடையே சுமார் இருபது மடங்குதான். அத்தனையையும் தாளில் கொண்டுவர வழியே இல்லை. எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். சாளரத்தை வெறும் தாளாக விட்டால் சுவரெல்லாம் சாம்பலுக்கு இறங்கும். பளிச்சென்ற சாளரமும் இருட்டான கூடமும் கிடைக்கும். சுவரை வெறும் தாளாக விட்டால் சாளரமும் அதே வெள்ளையாகிவிடும். அப்போது சாளரத்தின் ஈயச் சட்டங்களின் கோடுகளே கண்ணாடியைக் கண்ணாடியாக்க வேண்டும்.

சான்ரெடாம் இரண்டாவது வழிக்காரர். அவர் வரைந்த காலத்தில் அந்தத் தேவாலயங்கள் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையின் கையில் இருந்தன. உட்சுவர்கள் சுண்ணாம்பு பூசி வெளுத்திருந்தன, பல சாளரங்களில் நிறமற்ற கண்ணாடி. அதே காலத்து டச்சு ஓவியர் எம்மானுவெல் டி விட்டே எதிர்த் திசையில் போனவர்: தரையிலும் தூணிலும் வெயிலைத் துண்டு துண்டாக விழவைத்து, மீதியை நிழலில் தள்ளினார்; வெயிலுக்காகக் கட்டிடத்தையே மாற்றியமைக்கவும் தயங்கவில்லை. அவருடைய வெயில் கண்ணைப் பறிக்கும். ஆனாலும் வெள்ளைச் சுவரில் நாலைந்து சாம்பல் படிகளுக்குள் ஒரு முழுக் கூடத்தை நிறுத்திவிடும் வேலை அதைவிடக் கடினமானது என்பேன்.

வெள்ளைச் சுவர்க் கூடத்தில் கவனிக்க வேண்டியது எதிரொளி. உருண்டைத் தூணில் மிகப் பிரகாசமான பட்டை விளிம்பில் இருக்காது, சற்று உள்ளே இருக்கும். மிக இருண்ட பட்டையும் மறுவிளிம்புக்கு முன்பாகவே முடிந்துவிடும். அதற்கப்பால் எதிர்ச்சுவரின் ஒளி பட்டு விளிம்பு மறுபடி வெளுக்கும். நிழல் கோடுகளை விளிம்புவரை கொண்டுபோய் அடைத்தால் தூண் உருளாது, தகடாகிவிடும். கூரையிலும் அதே கதை. சாளரத்தின் ஒளி தரையில் பட்டு மேலே எழும்புவதால் வளைவுகளின் அடிவயிறு நாம் நினைப்பதைவிட வெளிச்சமாக இருக்கும். மேலே இருப்பதெல்லாம் இருட்டு என்ற நினைப்பில் கூரையைக் கறுப்பாக்கிய படங்கள் ஏராளம். அவற்றில் கூரை தலையில் இறங்கி உட்கார்ந்துவிடும்.

வெயில் விழும் பக்கத்தையும் சோதிக்கலாம். ஐரோப்பியப் பழைய தேவாலயங்களில் பெரும்பாலானவற்றில் பலிபீடம் கிழக்கே. அதை நோக்கி நின்றால் தெற்கு வலக்கைப் பக்கம். உச்சிவேளைச் சூரியன் அங்கே தெற்கில் இருப்பதால், வலப்பக்கச் சாளரங்கள் வழியாக வந்து இடப்பக்கத் தூண்கள்மேல் விழ வேண்டும். படத்தில் நேர்மாறாக இருந்தால், கட்டிடத்தின் திசை வேறாக இருக்கலாம். ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்தில் வாசல்தான் கிழக்கே, பலிபீடம் மேற்கே. அச்சுப் படமாக இருந்தால் இன்னொரு சாத்தியம்: தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். வரைந்தவர் அதை முன்கூட்டியே திருப்பிப் போடாவிட்டால் முழுத் தேவாலயமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆகிவிடும். கல்வெட்டு எழுத்துகளும், வாள் தொங்கும் இடுப்பும் அதை உறுதிசெய்யும்.

கோட்டைப் பற்றி. நல்ல பேனாப் படத்தில் மூன்று பருமன் போதும்: முன்தூணுக்கு 0.5 மி.மீ., நடுப்பகுதிக்கு 0.3, பலிபீடத்துக்கு அருகே 0.1. வெளிச்சம் படும் பக்கத்தில் எல்லைக்கோடு அறுபட வேண்டும். அறுந்த இடத்தில் தாளின் வெள்ளை உள்ளே பாய்ந்து ஒளியாகிவிடும். நிழல் பக்கத்தில் எல்லைக்கோடே தேவையில்லை, நிழற்கோடுகள் முடியும் இடமே எல்லை. தூணின் நிழலை நெடுக்குக் கோடுகளால் போட்டால் உயரம் கூடும், உருட்சி குறையும். சுற்றிவளைக்கும் குறுக்குக் கோடுகளால் போட்டால் உருட்சி கூடும், உயரம் துண்டுபடும். கல் அடுக்குகளின் இணைப்புகள் தெரியும் தூணுக்கு இரண்டாவது பொருந்தும். மற்றபடி நெடுக்கே மேல்.

தூரத்து நிழலில் கோடுகள் மெலிய வேண்டும், அதோடு நெருங்கவும் வேண்டும். முன்னால் 1 மி.மீ. இடைவெளி என்றால் பின்னால் பாதி. எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் போட்டால் தூரத்துச் சுவர் முன்னால் குதித்து வந்து நிற்கும். குறுக்குக் கோடுகளை நேர் செங்கோணத்தில் வெட்டவிட்டால் கம்பிவலை தெரியும், நிழல் தெரியாது. சுமார் 30 பாகையில் சாய்த்தால் கண்கள் கோட்டை மறந்து தொனியை, அதாவது இருள்-வெளிச்ச அளவை, பார்க்கும்.

வெனிஸ் ஓவியர் கனலெத்தோ 1766இல் அந்நகரின் சான் மார்க்கோ தேவாலயத்தில் பாடகர்கள் பாடுவதை வரைந்த தாள் ஒன்று ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமக்கு வயது 68 என்றும், மூக்குக்கண்ணாடி இல்லாமல் வரைந்ததாகவும் அதிலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. கோடு நேராகவே போவதில்லை. நடுங்கி, உடைந்து, கொக்கி போட்டு ஓடுகிறது. நிழலைப் பெரும்பாலும் மைக்கரைசல் பூச்சிடம் விட்டுவிட்டுக் கோடு உருவத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறது. கோடும் பூச்சும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட படங்களில் எது எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. இரண்டும் ஒரே நிழலைச் சொன்னால் ஒன்று வீண்.

பழைய தாள்களின் தொனியை அப்படியே நம்பவும் கூடாது. இரும்புச்சத்து கலந்த பழைய மை எழுதிய புதிதில் கறுப்பு. நாளடைவில் பழுப்பாகிவிடும், தடித்துப் போட்ட இடத்தில் தாளையே அரிக்கும். இன்று இதமான பழுப்பாகத் தெரியும் நிழல் அன்று கூர்மையாக இருந்திருக்கலாம். வெளிச்சத்துக்காக ஈயவெள்ளை வைத்திருந்தால், காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு அது கறுத்துப்போவதும் உண்டு. சாளரத்துக்கு எதிர்த் தூணில், ஒளி இருக்க வேண்டிய இடத்தில், அர்த்தமில்லாத கரும்புள்ளி தெரிந்தால் அதை மனத்துக்குள் வெள்ளையாக மாற்றிக்கொண்டு பாருங்கள்.

தாளில் உள்ள படைப்புகளை அருங்காட்சியகங்கள் வழக்கமாக 50 லக்ஸ் அளவுக்கு மங்கிய வெளிச்சத்தில்தான் வைக்கும். அதுவும் சில மாதங்களுக்கு. ஆகவே பெரும்பாலும் திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் தளத்தில் பெரிய அளவுப் படங்களைக் கட்டணமின்றித் தருகிறது. தரவிறக்கி, மூலத்தின் அளவுக்கே அச்செடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றிய பிரதி ஒன்றையும் எடுத்துக்கொண்டால் தாளின் பழுப்பு கண்ணை ஏமாற்றாது. ஸ்கேலை முதலில் வைக்க வேண்டிய இடம் தூண்களின் அடிபீட விளிம்பு. சாளரங்களிலிருந்து தொடங்கினால் கோடுகள் நீளமாகி, சின்னப் பிசகும் மறைபுள்ளியில் பெரிதாகிவிடும்.